தலைக்கவசத்தைப் போஸ்டரில் போடாதே

அன்பு மகளுக்கு,

நெவாடா சட்டமன்றத்துக்குப் போட்டியிடப் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று உன் அண்ணன் உன்னிடம் சொன்னானாம். அவனுக்கு என்ன தெரியும்? நீ நிற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிடிக்காதது நீ அனுப்பிய அந்தப் போஸ்டர் மாதிரி மட்டும்தான். தீயணைப்பு வேலைக்குப் போடும் தலைக்கவசத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, முகத்தில் கரியோடு நிற்கிறாய், பின்னால் தீ எரிகிறது. படம் ரொம்ப நன்றாக இருக்கிறது. பார்த்தவுடன் யாரும் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அதுதான் என் கவலை.

முதலில் சோற்றுக் கணக்கைப் பேசி முடித்துவிடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், பிப்ரவரியில் தொடங்கி 120 நாள் கூட்டம். அதில் முதல் 60 நாளுக்குத்தான் சம்பளம், அப்புறம் வெறும் படி. வேகஸிலிருந்து சட்டமன்றம் கூடும் கார்சன் சிட்டி 400 மைலுக்கு மேல். அந்த நான்கு மாதமும் உன் தீயணைப்பு டிபார்ட்மென்ட்டில் சம்பளம் இல்லாத லீவில் நீ இருக்க வேண்டிவரும். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இதைக் காகிதத்தில் எழுதிப் பார். வாய்க்கணக்கு வேண்டாம்.

இன்னொன்று, அரசு வேலையில் இருப்பவர் சட்டமன்றத்திலும் உட்காரலாமா என்ற சண்டை உங்கள் மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் வழி அடைபட்டுப் போகவில்லை. ஜான் ஓசெகேரா நார்த் லாஸ் வேகஸ் தீயணைப்புத் துறையில் இருந்துகொண்டே உறுப்பினராகி, 2011-இல் சபாநாயகராகவும் ஆனார். ஓரிகானில் டேசியா கிரேபர் தீயணைப்பு வேலையில் இருக்கும்போதே ஜெயித்தார். ஆனாலும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடு.

சரி, இப்போது போஸ்டருக்கு வருகிறேன்.

தீயணைப்புக் குழுவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போவது அமெரிக்கா என்ற நாட்டைவிடப் பழைய வழக்கம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி என்ற தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார், 1751-இல் பென்சில்வேனியா சட்டமன்ற உறுப்பினரானார். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்ததை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். நியூயார்க்கில் வில்லியம் ட்வீட் என்று ஒருவர். அமெரிகஸ் இன்ஜின் கம்பெனி ஆறாம் நம்பர் என்ற தீயணைப்புக் குழுவின் தலைவர். அவர்களுடைய வண்டியில் ஒரு புலித்தலை வரைந்திருக்கும். அந்த வண்டி ஓடும்போது தெருவே கூடி நின்று கைதட்டும். அந்தக் கைதட்டலை வைத்துத்தான் அவர் அரசியலுக்குள் நுழைந்தார். முதலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அப்புறம் 1868-இல் மாநில மேலவை. கடைசியில் நகரத்தின் கஜானாவையே சுரண்டி, 1878-இல் சிறையில் செத்தார். அந்த வண்டிப் புலி, ட்வீட் தலைமை தாங்கிய டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் சின்னமாகி, கார்ட்டூன்களில் ஊரைக் கடித்துக் குதறும் புலியாக முடிந்தது.

நீ ட்வீட் ஆகிவிடுவாய் என்று பயந்து இதை எழுதவில்லை. ஸ்டேஷன் காபிக்குப் போடும் காசுக்குக்கூடக் கணக்கு வைத்திருப்பவள் நீ. நான் சொல்ல வருவது வேறு. அந்தக் கைதட்டல் ட்வீட்டுடைய சொத்து இல்லை. குழாயைப் பிடித்தவர்கள், மாடி ஏறியவர்கள், ஏறி இறங்காதவர்கள் எல்லோருடையதும். உன் போஸ்டரில் இருக்கும் தலைக்கவசமும் அப்படித்தான். உன் ஸ்டேஷனில் மூன்று ஷிஃப்டிலும் இருப்பவர்கள் எல்லோரும் உன் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களா? அதில் பாதிப் பேர் எதிர்க்கட்சி என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய்.

வேலையின் மரியாதையை எடுத்துக்கொண்டு போகாதே, வேலையில் தெரிந்துகொண்டதை எடுத்துக்கொண்டு போ. அது உன்னுடையது. சட்டமன்றத்தில் அதற்குத்தான் பஞ்சம்.

லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் நடந்த தீ பற்றி உனக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். 1980 நவம்பர் 21. கீழே ஓர் உணவகத்தின் சுவருக்குள் மின்கம்பியில் பிடித்த தீ. செத்தவர்கள் 85 பேர், பெரும்பாலோர் தீயைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், மேல் மாடிகளில் புகையால் போனவர்கள். அங்கே எப்போதும் ஆள் இருக்கும், பிடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டாம் என விட்டிருந்தார்கள். அப்புறம் உணவகம் இரவில் மூட ஆரம்பித்தது, சலுகை மட்டும் அப்படியே இருந்தது. தீ பிடித்த காலையில் அங்கே ஒருவரும் இல்லை. மூன்று மாதத்துக்குள் அதே ஊர் ஹில்டன் ஓட்டலில் இன்னொரு தீ, இன்னும் எட்டுப் பேர். அதே 1981-இல் நெவாடா சட்டமன்றம், ஏற்கெனவே கட்டி முடித்த உயரமான கட்டிடங்களிலும் ஸ்பிரிங்க்ளர் போட்டே தீர வேண்டும் என்று சட்டம் போட்டது. ஓட்டல்காரர்களுக்குச் சின்னச் செலவா அது? ஆனாலும் போட்டார்கள், ஏனென்றால் பிணங்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பிணம் விழுவதற்கு முன்னால் அதே கையைத் தூக்க வைப்பதுதான் கஷ்டம். பென்சில்வேனியாவைப் பார். புது வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்ற விதி அமலுக்கு வந்த 2011-லேயே, செலவு அதிகம் என்று வீடு கட்டுகிறவர்கள் சொல்ல, சட்டமன்றமே அதை எடுத்துவிட்டது.

சிகரெட் கதை தெரியுமா உனக்கு? இழுக்காமல் வைத்தால் தானாக அணையும்படி காகிதத்தில் பட்டை போட்ட சிகரெட்டைத்தான் விற்க வேண்டும் என்று முதலில் சொன்ன மாநிலம் நியூயார்க், 2004-இல். காங்கிரஸில் பல வருடம் இழுத்தடித்த விஷயம். மாநிலம் மாநிலமாக ஏழெட்டு வருடத்தில் 50 மாநிலங்களுக்கும் போய்விட்டது. படுக்கையில் சிகரெட்டோடு தூங்கிப்போன எத்தனை பேரை ஒரு காகிதப் பட்டை காப்பாற்றியிருக்கும்! யாரும் அதை வைத்துப் போஸ்டர் போடவில்லை.

ஒரு சங்கடமான விஷயமும் சொல்ல வேண்டும். தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சந்தேகமில்லாதவை என்ற முதல் வகையில் சேர்த்தது. அதைப் படித்துவிட்டு நான் எத்தனை நாள் தூங்கவில்லை என்று உனக்குச் சொன்னதில்லை. அந்த நோய் வந்தால் வேலையால் வந்ததாகவே கருத வேண்டும் என்ற சட்டம் உங்கள் மாநிலத்திலும் உண்டு. அதை விரிவாக்க மசோதா வரும். நகராட்சிகள் பணம் இல்லை என்று எதிர்க்கும். நீ அப்போது பேசத்தான் வேண்டும். தொழிலில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் என்றால் வாக்களிக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் விதி. ஆனால் பென்ஷனும் சம்பளமும் வரும்போது, "இதில் எனக்கும் லாபம் இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் பேசு. யூனியன்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தேர்தலுக்கு முன்பே அவர்களிடம் இதைச் சொல்லி வை, அப்புறம் துரோகி என்று பேச்சு வராது.

அதனால் போஸ்டரில் சாதாரண சட்டையோடு நில். பெயருக்குக் கீழே தீயணைப்பு வீரர், பாராமெடிக் என்று எழுது, அது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் மீட்புக் கதை சொல்லாதே. அவர்கள் வீட்டுப் புகை அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று கேள்.

மனுத் தாக்கல் மார்ச்சில் என்றாய். அதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன். வெயிலில் என்னால் தெருத்தெருவாக நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்தில் கவர் ஒட்டுவேன், நன்கொடைக் கணக்கு எழுதுவேன். கணக்கில் மட்டும் மாப்பிள்ளை கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவை.

அன்புடன்,
அம்மா