உன் இரண்டு அத்தியாயங்களும் ஒரு கல்லும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

நீ அனுப்பிய கொப்பி சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. திருக்கோவிலில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே மனைவிக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது. மகளுக்கு ஏறாவூருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டதால் பேரன் மாலை வேளைகளில் என்னோடுதான் இருக்கிறான். உன் கதையை முதலில் கேட்டவனும் அவன்தான். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குகையில் நடக்கும் கதை என்று சொன்னதும், "அப்ப நாங்க எங்க இருந்த, அம்மப்பா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. பதில் எழுதத் தாமதமானதற்கும் அதுவே காரணம்.

நாம் இருவரும் படிக்கிற காலத்தில் நூலகத்திலிருந்து எடுத்து, முறை வைத்து வாசித்த 'வால்காவிலிருந்து கங்கை வரை' உனக்கு நினைவிருக்கும். கண. முத்தையாவின் தமிழில் ராகுல் சாங்கிருத்தியாயனின் அந்த முதல் கதை, கி.மு. 6000 இல் உறைபனிக்கு நடுவே, ஒரு தாய் தலைவியாக நின்று வேட்டையை நடத்துவதைக் காட்டியது. பனியையே கண்டிராத நாம் இருவரும் அதை வாசித்துவிட்டு ஒரு கிழமை முழுவதும் வேறெதையும் பேசவில்லை. வேட்டையும் ஓநாயும்தான் நம்மைப் பிடித்தன என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் குகையில் இருந்தவர்களுக்கு ஊர் இல்லை, குடிவழி இல்லை, கோயில் இல்லை. யாருடைய பரம்பரை மூத்தது என்ற வழக்கும் இல்லை. பசியும் குளிரும் பிள்ளையின் அழுகையும் மட்டுமே இருந்தன. வரலாற்றுப் புதினத்தைத் திறந்தால் நாம் எந்த அரசனின் பக்கம் என்பதை முதற்பக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கற்காலக் கதையில் சேர்ந்துகொள்ள ஒரு பக்கமே இல்லை. நம்மைப்போல், யார் முதலில் வந்தார் என்ற கேள்விக்குப் பக்கத்து ஊர்க்காரரையே விலையாகக் கொடுத்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய இளைப்பாறல் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் உன் முன்னுரையில் ஒரு வரியை நான் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். உன் குகை மனிதர்களை நம் இனத்தின் பெயரால் அழைக்கிறாய். அதை நீக்கிவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கல குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முந்திய எலும்பு அம்புமுனைகள் கிடைத்ததாக 2020 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த முனைகளைத் தேய்த்துக் கூராக்கிய கைக்கு நாம் இன்று பேசும் எந்த மொழியின் பெயரையும் சூட்ட முடியாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. பாக்கு நீரிணை அப்போது கால்நடையாகக் கடக்கும் தரை. இலங்கை ஒரு தீவே அல்ல. நீயும் நானும் தோணி விட்ட இந்த வாவி அன்று வாவியாக இருந்திருக்காது. தீவே இல்லாத காலத்துக்குத் தீவின் சண்டையைக் கொண்டுபோக வேண்டாம், மச்சான். பேரனின் கேள்விக்கும் இதையே விடையாகச் சொன்னேன்: அங்கே இருந்தவர்கள் நாம் எல்லோருடைய ஆட்களும்தான் என்றேன். அவன் ஒத்துக்கொண்டு, கதையைத் தொடரச் சொன்னான்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். உன் முதல் அத்தியாயத்தில் வரும் வேட்டைக்காரனின் பேச்சையும் நடையையும் வாகரைப் பக்கத்துப் பழங்குடியினரான வேடரைப் பார்த்து எழுதியதாகக் குறித்திருக்கிறாய். அவர்கள் நம்மோடு தமிழ் பேசி, கடலில் வலை போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி வாழும் இன்றைய மனிதர்கள். மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியினர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே கரையோர வேடரைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். அன்றே அவர்கள் கடலோடு பிழைக்கும் மக்கள். உயிரோடு இருப்பவரைக் கற்காலத்தின் மிச்சமாகக் காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. தேன் எடுப்பதையும் கிழங்கு அகழ்வதையும் அவர்களிடம் கேட்டுப் படி. ஆனால் அவர்களின் முகத்தை எடுத்துக் குகைக்குள் வைக்காதே.

இனி மொழிக்கு வருகிறேன். உன் எழுத்தில் நான் மிகவும் மகிழ்ந்ததும் தடுக்கி நின்றதும் இங்கேதான். உன் தலைவனுக்கு 'இரும்பு போன்ற மார்பு'. பசித்த பிள்ளையின் முகம் 'வாடிய பயிர்'. கரடியிடமிருந்து அவன் 'நூலிழையில்' தப்புகிறான். கிழவியின் சொல் அவன் மனத்தில் 'விதையாக' விழுகிறது. இரும்பும் பயிரும் தறி நூலும் விதைப்பும் அந்த உலகத்துக்கு இன்னும் வரவில்லை. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து இப்படிப்பட்டவற்றை எல்லாம் கோடிட்டபோது, நாம் பேசும் தமிழில் எத்தனை பங்கு வயலிலும் தறியிலும் கொல்லன் பட்டறையிலும் பிறந்தது என்பது எனக்கே முதன்முறையாகப் புரிந்தது. அவற்றை எல்லாம் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அஞ்சாதே. கல், நீர், தேன், மழை, நிலவு, தாய், பல், பசி, புகை எல்லாம் மிஞ்சும். புறநானூற்றில் 315 ஆம் பாட்டில் ஒளவை, வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவைத்த ஞெலிகோலைப் போல் தோன்றாமலும் இருப்பான், அதிலிருந்து எழும் நெருப்பைப் போல் தோன்றவும் செய்வான் என்று அதியமானைச் சொல்கிறார் அல்லவா? தீக்கடையும் கோலுக்கு அப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிற மொழியில் எழுதுகிறோம்.

சொல் மட்டுமன்று, பார்வையும் அந்தக் காலத்துக்குப் போக வேண்டும். வில்லியம் கோல்டிங் 1955 இல் வெளியிட்ட நியண்டர்தால் மனிதர் புதினத்தில் ஓர் இடம் உண்டு. அம்பு என்றால் என்னவென்றே அறியாத ஒருவன் ஆற்றுக்கு அப்பால் நிற்பவனைப் பார்க்கிறான். அவன் கையிலிருக்கும் கோல் இரு முனையிலும் குறுகுகிறது, மறுபடி நீள்கிறது. தன் காதருகே இருந்த மரத்தில் சட்டென்று ஒரு குச்சி முளைத்திருக்கிறது. அவனைக் கொல்ல முயல்கிறார்கள் என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. வாசிக்கும்போது அவனை எச்சரிக்க வேண்டும் என்று நெஞ்சு பதைக்கிறது. உன் இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் மலைக்காட்டிலிருந்து இறங்கிவந்து முதன்முதலாகக் கடலைக் காணும் இடம் அதற்கு நிகராக வரக்கூடியது. நீயோ முதல் வரியிலேயே 'கடல்' என்று எழுதிவிட்டாய். அந்தச் சொல்லை எடுத்துவிடு. கரையே தெரியாத நீரை அவள் எதற்கு ஒப்பிடுவாள், வாயில் வைத்ததும் ஏன் துப்புவாள் என்று மட்டும் எழுது. உள்நாட்டு மழைக்காட்டுக் குகைகளில் கடற்சிப்பி மணிகளும் சுறாப் பற்களும் கிடைத்திருக்கின்றன. யாரோ ஒருவர் கையிலிருந்து அவை அவ்வளவு தூரம் போயிருக்கின்றன. உன் கதை முழுவதும் அந்த ஒரு சிப்பிக்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

யானை வேட்டையைக் குறைத்துக்கொள். அந்தக் குகைகளில் கிடைத்த எலும்புகளில் மிகுதியானவை குரங்கும் மர அணிலும். உயரத்துக் கிளையில் தாவும் குரங்கை அம்பால் வீழ்த்த எத்தனை பொறுமை வேண்டும் என்பதே பெரிய கதை. காலொடிந்த கிழவனைக் கூட்டம் விட்டுவிட்டுப் போவதாக எழுதியதையும் மறுபடி யோசி. ஈராக்கின் ஷானிடார் குகையில் 1957 இல் எடுக்கப்பட்ட ஒரு நியண்டர்தால் மனிதனின் வலக்கை சூம்பியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் அடிபட்டு ஆறியிருந்தது. அந்தக் காயங்களோடு அவன் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறான். யாரும் சோறூட்டாமல், ஓடும்போது தூக்கிக்கொள்ளாமல் அது நடக்காது.

சோறு என்று நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா? கை அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

கடைசியாக ஒன்று. உன்னிச்சைப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த வெள்ளைப் படிகக்கல் ஒன்றை நானும் பேரனும் முற்றத்தில் வைத்து இன்னொரு கல்லால் உடைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவை எல்லாம் வெறும் நொறுங்கல். கோணத்தை மாற்றி மாற்றித் தட்டியபின், நகத்தளவில், ஓரம் கண்ணாடிபோல் ஒளி விடும் ஒரு சீவல் தெறித்தது. அன்று வாங்கிய வாவி மீனின் வயிற்றை அதால் கீறினேன். தோல் தயங்காமல் திறந்தது. ஆனால் அதைக் கத்தியைப் போல் பிடிக்க முடியாது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளுவதுபோல் பிடிக்க வேண்டும். மீனை மடியில் அல்ல, தரையில் வைத்துப் பாதத்தால் அழுத்த வேண்டும். உன் கதையில் அவள் நின்றபடி மீன் அறுக்கிறாள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும்போது அந்தச் சீவலை எடுத்துவருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தை அதற்கு முன் எழுதி முடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்