பலாலி–திருச்சி விமானம் நிலைக்க வேண்டும்

இந்தச் சேவையை நடத்தும் விமான நிறுவனத்துக்கும், இரு நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும்,

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சி கிட்ட. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான், கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு 290. இருந்தும் பல ஆண்டுகளாகத் திருச்சிக்குப் போக நினைத்தவர்கள் 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பயணம் செய்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பிப் பறந்தார்கள். வைத்தியத்துக்குப் போகும் முதியவரை இரவு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார வைப்பது எவ்வளவு கொடுமை என்று இங்குள்ள குடும்பங்களுக்குத் தெரியும்.

2025 மார்ச் 30-இல் நேரடி விமானம் வந்தபோது அந்தச் சுற்று முடிந்தது. அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று இருந்தாலும், வானில் இருப்பது அதைவிடக் குறைவு. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் வந்து நிற்பது வரை எல்லாம் அந்த ஒரு மணிக்குள் அடங்கும். இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற சிறிய விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அதுவே போதும். எங்களுக்குப் பெரிய ஜெட் தேவையில்லை, இடையில் கைவிடப்படாமல் தொடர்ந்து நடக்கும் சேவை வேண்டும்.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 1947 டிசம்பர் 10-இல் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பயணமே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். போர்க்காலத்தில் அந்த வழி அற்றுப்போனது. 2019 நவம்பரில் சென்னை விமானம் வந்தது. நாலே மாதத்தில் கொரோனாவால் நின்று, திரும்ப வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது. அப்போது திருச்சிப் பக்கம் நேரே போக இந்த விமானம்தான் மிச்சம்.

ஆகவே ஆறு மாத அட்டவணையை முன்கூட்டியே அறிவியுங்கள். மருத்துவமனையில் நாள் குறித்தவரும், வேளாங்கண்ணிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போகிறவரும் அதை நம்பித்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். மோசமான வானிலையால் விமானம் ரத்தாவதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த விமானத்தில் இடம் உறுதி என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. திருச்சி விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டில் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன எங்கள் மக்களின் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் குடும்பம் சுற்றுலாப் பயணி அல்ல. பல வருட வாழ்க்கையையே மூட்டை கட்டிக்கொண்டு வரும். சிறிய விமானத்தில் எடைக் கட்டுப்பாடு உண்டு என்பது புரிகிறது. சரி, அவர்களின் பொதிகளை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கட்டணமின்றி அனுப்ப இரு அரசுகளும் ஏற்பாடு செய்யலாமே. இதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்