எந்த ஜொக்கி கிளப்பைக் கேட்கிறோம்?

ஆசிரியருக்கு,

வன்னியின் மாட்டுவண்டில் சவாரிக்கும் இங்கிலாந்தின் குதிரைப்பந்தயச் சங்கமான ஜொக்கி கிளப் மாதிரி ஒரு சங்கம் வேண்டும், விதி எழுதுவதும் திடல் நடத்துவதும் அதன் கையிலேயே இருக்க வேண்டும் என்று சவாரிக்காரர் சிலர் சொல்லிவருகிறார்கள். அந்தக் கிளப்பே அந்த ஏற்பாட்டை விட்டு வருடக்கணக்காகிறது.

பெயரில் ஜொக்கி, அதாவது குதிரையோட்டி, இருந்தாலும், 1750 அளவில் கூடியவர்கள் குதிரை வைத்திருந்த பிரபுக்கள். நியூமார்க்கெட்டில் தங்கள் ஓட்டங்களுக்கு எழுதிய விதிகள்தான் பிறகு நாட்டுக்கே விதியாயின. ஓட்டம் முடிந்ததும் ஓட்டி தராசில் ஏறவேண்டும் என்பது 1758இல் வந்தது.

நமக்குப் பாடம் 1844 டேர்பி குதிரைப்பந்தயத்தில் இருக்கிறது. 3 வயதுக் குதிரைகள் மட்டும் ஓடும் போட்டி அது. முதலில் வந்த ‘ரன்னிங் ரெயின்’ உண்மையில் ‘மக்காபியஸ்’ என்ற 4 வயதுக் குதிரை. வழக்கில் நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார், குதிரையைக் காணோம்! பரிசு இரண்டாவதாக வந்த ‘ஒர்லாண்டோ’வுக்குப் போனது. குதிரைக்கு இரண்டரை வயதளவில் நடுப்பல் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அதற்கடுத்தது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது. கீழே எட்டில் முதற்சோடி இரண்டு வயது தாண்டி முளைக்கும், கடைசிச் சோடி ஐந்து வயதளவில். இனத்தையும் தீனியையும் பொறுத்து மாதக்கணக்கில் முன்பின் ஆகும். அதனால் இளம் நாம்பன்களுக்கென்று பிரிவு வைத்தால் பல்லை மட்டும் நம்பக்கூடாது. கன்று பிறந்த மாதம், நிறம், சுழி, குறி எல்லாம் ஒரு கொப்பியில் ஏறவேண்டும். குதிரைக்கு அப்படி வம்சப் பதிவேடு 1791இலேயே அச்சாகிவிட்டது. இன்றைக்கும் குதிரையை அடையாளம் காணச் சுழி பார்க்கிறார்கள்.

குதிரை விடுபவர்களே தீர்ப்பும் சொல்வது எத்தனை நாளைக்கு ஓடும்? கிளப் 1993இல் நிர்வாகத்தைத் தனிச்சபையிடம் கொடுத்தது, 2006இல் ஒழுங்கு விசாரணையையும் விட்டது. 2007 முதல் இரண்டும் பிரித்தானியக் குதிரைப்பந்தய அதிகாரசபையின் கையில். எப்சம், ஏன்ட்ரி, செல்டனம் போன்ற திடல்களை கிளப் இன்னும் நடத்துகிறது. இலாபம் பந்தயத்துக்கே திரும்புகிறது.

இங்கேயும் திடலைச் சங்கம் நடத்தட்டும். பிரிவு பிரிப்பதும் முறைப்பாடு கேட்பதும் அன்றைக்குச் சோடி விடாதவர்களின் வேலையாக இருக்கட்டும். நுகத்தில் பூட்டுமுன் கால்நடை வைத்தியர் ஒருவர் பல்லையும் சுழியையும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வென்ற சோடியை அவிழ்த்ததும் இன்னொரு தடவை.

சவாரி ஆர்வலர்கள்,
கிளிநொச்சி