வீட்டோடு முடங்கிய முதியோரைத் தேடிச் செல்வது சபையின் முதற்பணியாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள தென்னிந்தியத் திருச்சபைச் சபைகளைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையையோ, சபையார் கூடி உண்ணும் அசன விருந்தையோ, பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பான திருமண்டலத்தின் தேர்தலையோ பற்றியவையாக இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஆனால், அந்தச் செய்திகள் எவற்றிலும் முகம் காட்டாத ஒரு கூட்டம் எங்கள் ஊர்களில் ஆண்டுதோறும் பெருகி வருகிறது. ஆலயம் வரை நடந்து வர இயலாமல் வீட்டோடு இருந்துவிட்ட முதியவர்களே அவர்கள். அவர்களைத் தேடிச் செல்வதை ஒவ்வொரு கிராமச் சபையும், கோபுர வேலைக்கும் கல்யாண மண்டப வேலைக்கும் முன்னதாக, தன் முதல் ஊழியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி, திசையன்விளை வட்டாரங்களை அறிந்தவர்களுக்கு இதன் பின்னணியை விளக்கத் தேவையில்லை. பனைத்தொழில் சுருங்கியபின் பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் கடை வைக்கப் போனவர்களின் பிள்ளைகள், படித்து முடித்து இன்று பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களைப் பெற்றவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. நாட்டின் சராசரி அப்போது 8.6 விழுக்காடு. இந்த மாநிலக் கணக்கை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்களை அளவிட முடியாது. பண்டிகை முடிந்து வெளியூர் வாகனங்கள் புறப்பட்டுப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிராம ஆலயத்திலாவது வந்து அமர்ந்து பார்த்தால், நரைத்த தலைகளுக்கு நடுவே கறுத்த தலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நரைத்த தலைகளிலும் ஒவ்வோர் ஆண்டும் சிலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். முழங்கால் வலியால் ஒருவர், கண்புரையால் இன்னொருவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வேறொருவர் என்று காரணங்கள் வேறுபடலாம். வராதவரை யார் போய்ப் பார்ப்பது என்பதற்குத்தான் எங்கள் ஒழுங்குமுறையில் இன்று உறுதியான பதில் இல்லை.

வெளியில் இருப்போருக்காக அந்த ஒழுங்குமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்துக்கு ஒரு குருவானவர். ஊரில் தங்கியிருந்து சபையை நடத்துபவர் சபை ஊழியர். முற்காலத்தில் அவரையே உபதேசியார் என்றார்கள். குருவானவர், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனைக்காக ஊர் ஊராகச் சுற்றி வருவதால், ஒரு சபைக்கு அவர் கிடைப்பது மாதத்தில் சில மணி நேரம்தான். ஆகவே வீடு சந்திப்பு முழுவதும் சபை ஊழியரின் தலையில் விழுகிறது. அவரோ சங்கக் காணிக்கை வசூலிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், பண்டிகைக்கு நன்கொடை கேட்டு அலைய வேண்டும். பல இடங்களில் பக்கத்துச் சபையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அவருக்குக் கிடைக்கும் சம்பளம் ஒரு குடும்பம் கௌரவமாக வாழப் போதுமானதன்று. இந்த நிலையில் அவர் ஒரு முதியவரின் வாசலில் நின்றாலும், காணிக்கை ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவராகவே காணப்படுகிறார். இதில் அவர்மீது பழி சுமத்துவது நியாயமாகாது. வருந்தத்தக்கது வேறொன்று இருக்கிறது. திருமண்டலத் தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியல் தயாராகும்போது படுக்கையில் இருக்கும் பாட்டியின் பெயரும் சபைக்குத் தவறாமல் நினைவுக்கு வந்துவிடுகிறது. வாக்குப் பதிவு முடிந்தபின் அந்தப் பெயர் அவருடைய அடக்க ஆராதனையன்றுதான் மறுபடியும் ஆலயத்தில் ஒலிக்கிறது.

எங்கள் சபையில் எண்பது வயதைக் கடந்த ஒரு தாயார் இருக்கிறார்கள். இளமையில் பாடகர் குழுவில் இருந்தவர்கள்; ஊரில் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட பலருக்கு ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக் கொடுத்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர்களால் ஆலயத்துக்கு வர முடியவில்லை. பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், சமைத்துக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள், உணவுக்கோ மருந்துக்கோ குறைவில்லை. பார்க்கப் போனால் அவர்கள் முதலில் கேட்பது, இந்த ஞாயிறு என்ன பாடம் வாசித்தார்கள், யார் வாசித்தார்கள் என்பதைத்தான். பிறகு ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று விசாரிப்பார்கள். தான் இன்னும் இந்தச் சபையைச் சேர்ந்தவள் என்பதை எவராவது வந்து தனக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்ற ஏக்கத்தை அந்த விசாரிப்புகளில் நான் காண்கிறேன். பணத்தாலோ, சம்பளத்துக்கு அமர்த்திய ஆளாலோ அதை நிறைவேற்ற முடியாது.

கைப்பேசியில்தான் ஆராதனை நேரலையாக வருகிறதே, அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் அது பேருதவியாக இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கண் மங்கி, காது மந்தமாகி, திரையைத் தொட்டுத் திறக்கத் தெரியாத ஒருவருக்கு அதனால் என்ன பயன்? நேரலையில் திருவிருந்தின் அப்பத்தைக் கையில் வாங்க முடியாது. சமாதானம் சொல்லிக் கையைப் பற்றிக்கொள்ளவும் ஆள் இல்லை.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எருசலேமின் ஆதிச் சபையில் அன்றாட உணவுப் பகிர்வில் சில விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்ற முறையீடு எழுந்தபோதுதான், அந்தப் பணிக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. திருச்சபையில் பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று; அது யாருக்காகத் தொடங்கியது என்பதைத் தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், டீக்கன் எனப்படும் உதவிக்குருவை அபிஷேகம் செய்யும் முறைமையிலும் இது இருக்கிறது. சபையிலுள்ள நோயாளிகளையும் ஏழைகளையும் இயலாதவர்களையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் பெயர், நிலைமை, குடியிருக்கும் இடம் ஆகியவற்றைக் குருவானவருக்குத் தெரிவிப்பது அவர் கடமை என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையாரைச் சுற்றிப் பாளையங்கோட்டையில் உருவான சபையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தொன்மையான ஆவணம், 1780ஆம் ஆண்டில் 40 பேரின் பெயர்களைக் கொண்ட ஒரு பதிவேடு. ஆலயம் கட்டப்பட்டது அதற்குப் பின்புதான், 1785இல். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், ஊருக்கு ஒரு ஜெப வீடும் உபதேசியாரும் என்ற ஏற்பாட்டை விரிவாக்கி, அந்த உபதேசிமாரைத் தவறாமல் கூட்டி வைத்து அவர்கள் ஊர்களின் நிலவரத்தைக் கேட்டறிந்தார். பின்னர், வீட்டை விட்டு வெளியே வராத பெண்களிடம் வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று, எழுத்தறிவித்து, வேதம் வாசித்துக் காட்டினார்கள். நம் சபைகள் வேரூன்றியது இப்படி நடந்தே சென்று செய்த ஊழியத்தால். இன்று சாலையும் வாகனமும் உள்ள காலத்தில் அடுத்த தெருவுக்குப் போவது நமக்கு அரிதாகிவிட்டது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் சபையாரை, எந்தத் திருமண்டலத்தையும் சேராத சுயாதீனச் சபைகள் இழுத்துக்கொண்டு போகின்றன என்ற மனத்தாங்கலை சேகர மன்றக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். போனவர்களிடம் பேசிப் பார்த்தால், உபதேச வேறுபாட்டைச் சொல்பவர்கள் மிகச் சிலரே. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார்கள் என்பதே பலரிடமிருந்து வரும் பதில். இதற்கு மேல் அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலாவதாக, ஒவ்வொரு சபையும் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். ஆலயத்துக்கு வர இயலாதவர் பெயர், தெரு, உடல்நிலை, யாருடன் இருக்கிறார், கடைசியாக யார் எப்போது போய்ப் பார்த்தார் என்பவை அதில் இருந்தால் போதும். சபைக் கமிட்டி மாதந்தோறும் கூடும்போது, வரவு செலவுக் கணக்கை எடுப்பதற்கு முன் அந்தக் குறிப்பேட்டை வாசிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. கணக்கை முதலில் எடுத்தால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும் என்பது கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சந்திக்கச் செல்பவர்கள் இருவர் இருவராகச் செல்வது நல்லது. பெண்களைப் பார்க்கப் பெண்கள் செல்லட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் பல சபைகளில் இதை அறிக்கை எதுவும் இல்லாமலேயே செய்து வருகிறார்கள். அவர்கள் செய்வதைச் சபையின் பணியாக ஏற்று, போக்குவரத்துச் செலவையாவது கொடுக்க வேண்டும். ஆண்கள் ஐக்கிய சங்கத்தினர் இதில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு வினாவிடையை மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆயத்த காலத்தில் ஒரு பெரியவரின் வீட்டுக்கு வாரந்தோறும் போய் வேதம் வாசித்துக் காட்டும் பொறுப்பையும் கொடுத்தால், அந்தப் பிள்ளைகள் பின்னாளில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கும் அப்படிப் பழகுவார்கள்.

போகிறவர்களுக்குச் சிறிது பயிற்சியும் தேவை. படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி ஊட்டுவது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே செவிலியரை அழைப்பது என்பவற்றை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவ இயக்கம், பின்னர் ஊர்மக்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்து வீடுதோறும் அனுப்பியது. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். அரசின் மருத்துவப் பணியாளர் அந்த வாசலுக்கு வரும்போது, அந்த வீட்டாரின் பெயரைத் தன் பதிவேட்டில் தலைமுறைகளாக வைத்திருக்கும் சபை வராமல் இருப்பதற்கு என்ன நியாயம் உண்டு? சபையின் தன்னார்வலர்கள் ஊர்ச் செவிலியரோடு சேர்ந்து பணிசெய்வதற்கும் தடை எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். தனித்திருக்கும் முதியவரிடம் நிலமும் நகையும் இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பும் இருக்கலாம். சபையின் பெயரால் உள்ளே போகிறவர்கள் பத்திரம், உயில், வங்கிக் கணக்கு ஆகிய எவற்றிலும் தலையிடக் கூடாது, சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, ஒரு வீட்டில் கேட்டதை மறுவீட்டில் சொல்லக் கூடாது, எந்தப் பெயராலும் காணிக்கை கேட்கக் கூடாது என்று கமிட்டி எழுத்திலேயே விதி செய்ய வேண்டும். இந்த ஊழியம் ஓர் ஊரில் ஒருமுறை சந்தேகத்துக்கு உள்ளானால், பிறகு எந்தக் கதவும் திறக்காது.

திருவிருந்தைப் பொறுத்தவரை, குருவானவர் ஒரு சபைக்கு வரும் நாளிலேயே, ஆராதனை முடிந்ததும், வர இயலாதவர்களின் வீடுகளுக்கும் அதைக் கொண்டு செல்ல நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அன்று அவருக்கு ஏற்பாடு செய்யப்படும் விருந்தும் கமிட்டிப் பேச்சுவார்த்தையும் சிறிது தாமதித்தால் எவருக்கும் நட்டமில்லை. அந்த வீட்டுக்கு அவரோடு சபையார் சிலரும் போய்ச் சேர்ந்து ஒரு பாமாலையைப் பாடினால், படுத்திருப்பவருக்கு அது முழு ஆராதனையாகவே இருக்கும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டிய சிறு தொகைக்கு, கைப்பிடி அரிசிக் காணிக்கையாலேயே சபைகளைக் கட்டியெழுப்பிய மக்களிடம் வழி இல்லாமல் போகாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆலயத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். அடுத்த முறை கொடுக்கும்போது, சலவைக்கல்லில் பெயர் பொறிக்கும் ஒரு கட்டடத்துக்குப் பதிலாக, சபை ஊழியர் ஒருவரின் சம்பளத்தை உயர்த்தவோ, வீடு சந்திப்புக்கென்றே இன்னொருவரை நியமிக்கவோ அந்தப் பணத்தைக் கொடுக்குமாறு அவர்களை வேண்டுகிறேன். அந்த ஊழியர் நாளை போய்ப் பார்க்கப்போவது அவர்களுடைய தாயையும் தகப்பனையும்தான். பக்கத்து வீட்டில் தனித்திருப்பவர் வேறு மதத்தவராக இருந்தால் அவரையும் பார்த்துவிட்டு வரலாம். அவரிடம் மதம் பேச வேண்டியதில்லை, நலம் விசாரித்தால் போதும். எங்கள் ஊர்களில் பல கிறிஸ்தவ முதியவர்களுக்கு அவசரத்தில் ஆட்டோ பிடித்துக் கொடுப்பவர்கள் அந்த அயலார்தாம்.

எங்கள் சேகரத்தின் அடுத்த மன்றக் கூட்டத்தில் குறிப்பேடு பற்றிய தீர்மானத்தை எழுத்து வடிவில் அளிக்க இருக்கிறேன். இரண்டு மாவட்டங்களிலும் இக்கடிதத்தை வாசிக்கும் சபையார் தத்தம் கமிட்டியிலும் அதை முன்வைக்க வேண்டும் என்றும், இத்தகைய பணியை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துவரும் சபைகள் தங்கள் முறையைப் பற்றி இப்பகுதிக்கு எழுதினால் மற்றச் சபைகளும் அறிந்துகொள்ளும் வகையில் அவற்றை வெளியிட்டு உதவ வேண்டும் என்றும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சபைக் கமிட்டி முன்னாள் உறுப்பினர்,
திசையன்விளை வட்டாரம்