பிரெட் நனையக் கூடாது

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகன் விடுதியில் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டான், அறையில் கூட இருக்கும் பையன்களும் ஒத்துப்போகிறார்கள் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சிக்கு விடிகாலை ஷிப்ட் மாறியதுதான் சிரமம். போகப்போக அதுவும் பழகிவிடும். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, காலையில் வீட்டில் ஆள் இல்லை, ரெண்டு பிஸ்கட்டும் காபியுமே போதும் என்று விட்டுவிட்டேன் என்று, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. அது போதாதுடா. ஒரு ஆளுக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று நினைக்காதே. அந்த ஒரு ஆள் நீ.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏற முடிகிறது. மகளும் பேரனும் சில மாதங்களாக எங்களோடு இருக்கிறார்கள். காலைச் சமையல் என் பொறுப்பு, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. பேரன் காலையில் எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்புவான், முட்டையும் உருகிய சீஸும் வைத்த சூடான சாண்ட்விச் என்றால் மட்டும் தட்டைக் காலி செய்துவிடுவான். அவனுக்காகச் செய்யத் தொடங்கி, இப்போது வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்த காலை உணவு. ஒரே ஒருவருக்குச் செய்வதற்கும் இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. ஒரு தவா, அதற்கு ஒரு மூடி, பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். நீ கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். வீட்டில் செய்கிற சாண்ட்விச் சரியாக வராமல் போவதற்கு மசாலாவோ உப்போ காரணமாக இருப்பது அபூர்வம். ஈரம்தான் காரணம். தக்காளியிலிருந்து நீர் வரும், முட்டையிலிருந்து ஆவி வரும், காளானும் கீரையும் நீர் விடும். எல்லாம் போய்ச் சேருகிற இடம் பிரெட். அது ஊறிப்போய்விட்டால் உள்ளே எவ்வளவு நல்ல பொருளை வைத்தாலும் பயனில்லை. ஆகவே நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே பிரெட்டை நனையாமல் காப்பாற்றுகிற வழிதான்.

பிரெட்டிலிருந்து தொடங்குவோம். அன்று சுட்ட புது பிரெட் வேண்டாம். அதில் ஈரம் அதிகம், அழுத்தினால் மாவாகிவிடும். முந்தின நாள் பிரெட்தான் இதற்குச் சரி. ஆனால் அதை ஃப்ரிட்ஜில் வைக்காதே. பிரெட் காய்ந்து கெட்டியாவது வெறும் நீர் வற்றுவதால் மட்டும் நடப்பதில்லை. வெந்த மாவுச்சத்து மறுபடியும் இறுகிப் படிகமாவதுதான் முக்கியக் காரணம். அது ஃப்ரிட்ஜின் குளிரில் வெளியே இருப்பதைவிட வேகமாக நடக்கும். ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வை. உறைந்துவிட்டால் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றே போகும். தேவைப்படும்போது உறைந்த துண்டையே நேராகத் தவாவில் போடலாம். தனியாக இருக்கிற உனக்கு இதுதான் பெரிய வசதி, ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு துண்டுகூட வீணாகாது.

துண்டு ஒன்றரை விரற்கடை கனமாவது இருந்தால் நல்லது. வெட்டிப் பாக்கெட் போட்ட பிரெட் கடைக்கு வந்ததே 1928இல்தான். அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் என்பவர் அதற்கான இயந்திரத்தைச் செய்தபோது, வெட்டி வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று பேக்கரிக்காரர்கள் தயங்கினார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. வெட்டாத ரொட்டி கிடைத்தால் அதையே வாங்கு, வேண்டிய கனத்துக்கு வேண்டிய போது நீயே வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது இந்தக் கடிதத்திலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் உள்ளே எல்லாவற்றையும் வைத்து மூடி, வெளிப்பக்கத்தை மட்டும் சுடுகிறார்கள். நீ தலைகீழாகத் தொடங்கு. இரண்டு துண்டுகளின் உட்பக்கம் எதுவோ, அதை முதலில் எண்ணெய், வெண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தவாவில் மிதமான தீயில் சுடு. லேசாகப் பொன்னிறம் வந்தால் போதும். சுட்ட முகம் காய்ந்து இறுகியிருப்பதால் முட்டையின் ஈரம் உடனே உள்ளே இறங்காது. அந்தச் சுட்ட முகத்தின் மேல், சூடு இருக்கும்போதே, சீஸை வைத்துவிடு. அது உருகிப் பரவி இரண்டாவது தடுப்பாகிவிடும். சுடாத முகம் வெளியே வரும், அதைக் கடைசியில் வெண்ணெய் தடவிச் சுடுவோம்.

பொன்னிறம் எதற்கு என்று கேட்பாய். பிரெட்டில் இருக்கிற புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால்தான் அந்த நிறமும் மணமும் வருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மயார் 1912இல் இதை விளக்கி எழுதினார், அதனால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். அது வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரமான பிரெட் எவ்வளவு நேரம் கிடந்தாலும் வெளுத்தே இருப்பதற்கு இதுதான் காரணம். பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வெளுத்தே கிடக்கும்.

சுட்ட துண்டைத் தட்டில் படுக்க வைக்காதே. அடியில் ஆவி சிக்கி நீராகி, மொறுமொறுப்பு அத்தனையும் நமுத்துப்போகும். ஒரு கம்பித் தட்டில் வை, இல்லாவிட்டால் எதன் மேலாவது சாய்த்து நிறுத்தி வை.

அடுத்தது முட்டை. ஒன்றோ இரண்டோ உன் விருப்பம். நன்றாக அடித்து, உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டு, மிளகுத்தூள் தூவு. தவாவில் கொஞ்சம் வெண்ணெய் விடு. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர். அது கொதித்துப் போகும்போதுதான் நுரைக்கிறது. நுரை அடங்கியதும் முட்டையை ஊற்று, சிம்மில் வை. வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் கட்டியாகத் தொடங்கும், மஞ்சள்கரு 65க்கும் 70க்கும் இடையில். இந்த இடைவெளி எவ்வளவு சிறியது பார். பெரிய தீயில் சில நொடிகளிலேயே அதைத் தாண்டிவிடும். அப்புறம் புரதம் இறுகி, தன்னிடம் இருந்த நீரைப் பிழிந்து வெளியே விடும். ரப்பர் மாதிரி ஆன ஆம்லெட்டைச் சுற்றி நீர் கோத்து நிற்பது அதனால்தான். அந்த நீர் எங்கே போகும் என்று உனக்கே தெரியும். மேலே கொஞ்சம் பளபளப்பு இருக்கும்போதே நாலு பக்கமும் மடித்து, பிரெட் அளவுக்கு ஒரு சதுரமாக்கிவிடு. உள்ளே இருக்கிற சூட்டிலும், பிறகு பிரெட்டுக்குள் சுடும்போதும் மீதி வெந்துவிடும். பேரனுக்குக் கொடுப்பதை மட்டும் நான் முழுக்க வேகவைக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அரைவேக்காடு ஆகாது.

முட்டையைப் பிரெட் அளவுக்குக் கொண்டுவருவது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு கடியிலும் எல்லாம் கிடைப்பது அதனால்தான். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன், எக் மக்மஃபின் என்ற முட்டை சாண்ட்விச்சை உருவாக்கியபோது கவனித்ததும் இதைத்தான். வட்டமான மஃபின் ரொட்டிக்குப் பொருந்தும்படி முட்டையை வேகவைக்க ஒரு வளையத்தைச் செய்துகொண்டார். நமக்கு வளையமெல்லாம் வேண்டாம், மடித்தால் போதும்.

சீஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் எதை எடுப்பது என்று குழம்புவாய். அதிகம் முதிராத செடார், மொஸரெல்லா, கௌடா எல்லாம் நன்றாக உருகும். நாள்பட முதிர்ந்த கெட்டி சீஸ் சுவையில் மேல், ஆனால் தனியாக உருக்கினால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகிவிடும். அதைத் துருவி மற்றொன்றோடு கலந்துகொள். பனீர் உருகவே உருகாது. புளிப்பு விட்டுத் திரித்த பாலில் புரதம் இறுகிப்பிடிக்கும் விதமே வேறு. பனீர் வைக்க ஆசையென்றால் தனியே வறுத்து வை, ஆனால் அதை நம்பி சாண்ட்விச் ஒட்டிக்கொள்ளாது. ப்ராசஸ் செய்த சீஸ் துண்டு எப்போதும் ஒரே சீராக உருகும். 1911இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு பேர், கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகளைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். ஆனால் உனக்குப் பிரஷர் இருக்கிறது. அந்தச் சீஸில் சோடியம் அதிகம், பிரெட்டிலும் உப்பு உண்டு. அதை வைக்கிற நாளில் முட்டைக்கு உப்பே போடாதே, மிளகு மட்டும் போதும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காய்கறிக்கு வருவோம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர்தான். ஆகவே விதைப் பகுதியை வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய வில்லைகளாக்கி, ஒரு துணியில் ஒற்றி எடு. முட்டைக்கும் சீஸுக்கும் நடுவில் வை, பிரெட்டின் மேல் படவே கூடாது. காளானை எண்ணெய் விடாமல் முதலில் வதக்கு. அது நீர் விட்டு, அந்த நீரும் வற்றி, ஓரம் சிவந்த பிறகு வெண்ணெய் சேர். கீரை என்றால் வதக்கிப் பிழிந்துவிடு. வெங்காயத்தைச் சிறு தீயில் நெடுநேரம் வதக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் மூன்று நான்கு நாளுக்கு ஃப்ரிட்ஜில் இருக்கும். என்னைக் கேட்டால் இதற்குத் தக்காளியைவிட வதக்கிய வெங்காயம்தான் பொருத்தம்.

சரி, இப்போது அடுக்கு. சீஸ் வைத்த துண்டு, அதன் மேல் காய், அப்புறம் முட்டை, அதன் மேல் சீஸ் வைத்த இன்னொரு துண்டு. வெளிப்பக்கம் வெண்ணெயை மெலிதாகத் தடவு. வெண்ணெய் இளகியிருக்க வேண்டும், கெட்டியாக இருந்தால் பிரெட் கிழியும். மயோனெய்ஸ் இருந்தால் அதையும் தடவலாம், சீராகச் சிவக்கும். தவா மிதமான சூட்டில் இருக்கட்டும். மேலே கனமில்லாத ஒரு பாத்திரத்தை வை. பிரெட் தவாவோடு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நசுக்கிவிடாதே. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சீஸ் இன்னும் உருகவில்லை என்று தோன்றினால் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் மூடி வை. அதற்கு மேல் மூடி வைத்தால் ஆவி தங்கி வெளிப்பக்கம் நமுத்துவிடும். எடுத்ததும் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் விட்டு, பிறகு வெட்டு. உடனே வெட்டினால் சீஸ் எல்லாம் வழிந்து வெளியே ஓடிவிடும்.

வரிசையையும் கவனி. பிரெட் முதலில், முட்டை பிறகு. சுட்ட பிரெட் இரண்டு நிமிடம் காத்திருக்கும். முட்டை காத்திருக்காது.

தங்கச்சிக்கும் ஒன்று செய்து கொடுத்துவிடு. விடிகாலையில் வெறும் வயிற்றோடு கிளம்புவது அவளுக்கும் நல்லதில்லை. கொடுத்தனுப்பும்போது அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றாமல் வெண்ணெய்த்தாளில் தளர்வாகச் சுற்று, ஆவி கொஞ்சம் வெளியேறட்டும். முட்டை இருப்பதால் வெளியே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல். உனக்கு அவ்வளவு சீக்கிரம் எழ முடியாத நாட்களும் இருக்கும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை சிலவற்றைச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாம். தக்காளி வேண்டாம், முட்டை, சீஸ், வெங்காயம் மட்டும். முழுக்க ஆறிய பிறகுதான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து அதுவே பனிக்கட்டியாகும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடு. காலையில் மைக்ரோவேவில் உள்ளே நன்றாகச் சூடேறும் வரை வைத்து, பிறகு தவாவில் இரண்டு பக்கமும் வாட்டி எடு. மைக்ரோவேவோடு நிறுத்திவிட்டால் சவசவ என்றிருக்கும்.

பள்ளிக்கூட நண்பர்கள் எல்லோரும் ஒருமுறை கூடலாம் என்று எழுதியிருந்தாயே, எனக்கு முழுச் சம்மதம். மழைக்காலம் முடிந்ததும் வைத்துக்கொண்டால் என் முழங்காலும் ஒத்துழைக்கும். தேதியை நீயே முடிவு செய்து எழுது. கூடவே, டாக்டர் உனக்கு முட்டையில் மஞ்சள்கருவைக் குறைக்கச் சொன்னாரா என்றும் எழுது. அப்படியானால் காளானையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் வைத்து இதையே செய்யலாம். அதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் மகனுக்கும் எங்கள் அன்பு.

உன் நண்பன்