பேஸ்மேக்கர் கம்பியை இறக்கும் முன்: இதயநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் நீலகிரியிலும் பணியாற்றும் இதயநோய் மருத்துவப் பெருமக்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார், 76 வயதில், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34 ஆகக் குறைந்து மயங்கி விழுந்தார். சமவெளியிலுள்ள ஒரு மருத்துவமனையில் மறுநாளே பேஸ்மேக்கர் பொருத்தி அவர் உயிரைக் காத்தார்கள்; அந்த நன்றி எங்கள் குடும்பத்தில் என்றும் உண்டு. ஆனால் ஆறே மாதத்தில் கால்கள் வீங்கின. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஏறும் 70 படிகளில் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்.

பிறகு நாங்கள் பார்த்த வேறொரு மருத்துவர், முதலில் அவருடைய கைகளைத்தான் நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும், விரல் மரத்துப்போனதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் செய்த அறுவையின் தழும்பு இருந்தது. கோப்பில் இருந்த முதல் எக்கோ தாள் இதயச் சுவர் 16 மில்லிமீட்டர் தடித்திருப்பதாகச் சொன்னது. அதற்கடுத்த தாளில் ஈசிஜி அலைகளோ சிறுத்துக் கிடந்தன. தசை தடித்திருந்தால் அலை உயர்ந்திருக்க வேண்டும். இங்கே சுவரைத் தடிக்கச் செய்தது, தசை இழைகளுக்கிடையே படிந்த அமிலாய்டு, அதாவது உருக்குலைந்து தேங்கும் ஒரு புரதம். இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் இதயத்தில் அந்தப் படிவைக் காட்டும் பைரோபாஸ்பேட் ஸ்கேனும் அது டிரான்ஸ்தைரெட்டின் (பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம்) வகை என்று உறுதிப்படுத்தின.

இறுகிப்போன இதயத்தால் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கூட்ட முடியாது என்பதையும், அதனால் அது துடிப்பின் வேகத்தையே நம்பியிருக்கிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அத்தகைய இதயத்தில் வலது கீழறையில் மட்டும் கம்பியை வைத்து இயக்கினால், வலப்புறம் முன்னும் இடப்புறம் பின்னுமாகச் சுருங்கி, இருக்கும் சிறிது வலுவும் சிதறுகிறது. வலது கீழறையை இயக்கும் விகிதம் கூடக்கூட இடது கீழறை தளர்வதையும், இரு கீழறைகளையும் சேர்த்து இயக்கியவர்கள் ஓரளவு நன்றாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை சிறியவை, பின்னோக்கிப் பார்த்தவை என்பது உண்மையே. இதயத்தின் இயல்பான மின்பாதையான இடது பண்டில் பகுதியில் கம்பியைப் பதிக்கும் முறை இயல்பான சுருக்கத்துக்கு நெருங்கி வருகிறது. ஆனால் தடித்த நடுச்சுவரில் அதைத் திருகிச் செலுத்தத் தேர்ந்த கை வேண்டும். கம்பியில்லா பேஸ்மேக்கரும் பெரும்பாலும் வலது கீழறையிலேயே அமர்வதால் இந்தக் குறை அதனால் தீர்வதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். துடிப்பு தடைப்பட்டு வரும் முதியவருக்குச் சுவர் 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், கம்பியை இறக்கும் முன் மணிக்கட்டையும் முதுகுத்தண்டையும் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்; இதே புரதம் அங்கும் படிந்து நரம்பை நெருக்கக்கூடும். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்தாலே எந்தக் கருவி என்பதைக் குடும்பத்தாருடன் பேசலாம். அமிலாய்டின் மற்றொரு வகையான, வேகமாக முற்றும் லைட் செயின் வகைக்கான இரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அந்த வகையில் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புள்ளது.

கருவியின் வேகத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்வர முழு நாள் ஆகிறது. உதகை அரசு மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒரு நாள் இதற்கென ஒதுக்க நீங்கள் பரிந்துரைத்தால் மலைமேல் இருக்கும் முதியவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு இரு கீழறைகளையும் இயக்கும் கருவி மாற்றப்பட்டது. நீர் மாத்திரையின் அளவும் அப்போது மாறியதால் எல்லாப் புகழையும் கம்பிக்கே தர மாட்டேன். ஆனாலும் அந்த 70 படிகளில் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கிறார். அவருடைய சம்மதத்துடன், அந்த எக்கோ தாளையும் ஈசிஜி தாளையும் உங்கள் மாணவர்களுக்குக் காட்டத் தரத் தயாராக இருக்கிறேன்.

பணிவுடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகன்