எட்டு ரூபாயை விலைவாசியோடு கட்டுங்கள்: அங்கன்வாடி நிதி குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், ஒன்றிய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

அங்கன்வாடிக்கு வரும் ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 2017-ல் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை 8 ரூபாய். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதில் பாதிதான் டெல்லியிலிருந்து வரும். அதாவது ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 4 ரூபாய்.

இந்த அளவு உயர்த்தப்படும் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில் நிதி அமைச்சர் அறிவித்தார். மனதார வரவேற்கிறோம். ஆனால் எத்தனை ரூபாய் கூட்டினாலும், கூட்டிவிட்டு மறுபடியும் ஏழெட்டு வருடம் அதைத் தொடாமல் வைத்திருந்தால் மூன்றாம் வருடமே குழந்தையின் தட்டு குறைய ஆரம்பித்துவிடும். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி இந்த அளவு தானாக உயரும்படி விதி செய்யுங்கள் என்பது.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடு இல்லை. பல ஊர்களில் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. பள்ளி மதிய உணவுக்கான பொருட்செலவு, தொழிலாளர் பணியகம் தரும் கிராமப்புறத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்துத் திருத்தப்படுகிறது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 2020-ல் 4.97 ரூபாயாக இருந்தது, 2022-ல் 5.45 ஆனது, 2024 டிசம்பரில் 6.19, 2025 மே மாதம் 6.78. இதே விகிதத்தில் அங்கன்வாடியின் 8 ரூபாயையும் 2020 முதல் உயர்த்தியிருந்தால் அது 10 ரூபாய் 90 காசு ஆகியிருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை ஏறுகிறது என்று அரசு ஏற்றுக்கொள்கிறது. அதே கடையில் அவன் தங்கைக்கு வாங்கும் பருப்புக்கு மட்டும் ஏறாதா? இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி உணவில் தானியம் தனிக் கணக்கு, இலவசமாக வந்துவிடும். அங்கன்வாடியில் மானிய விலை அரிசிக்கும் கோதுமைக்கும் கொடுக்கும் காசும் அந்த 8 ரூபாய்க்குள்ளேயே அடங்கும்.

தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கிராம் கணக்கில் பார்ப்போம். 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் உரிமை என்று எழுதியது. தமிழ்நாட்டு மையத்தில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மதியம் 80 கிராம் அரிசி. அதில் புரதம் ஐந்தாறு கிராம். திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் முட்டை உண்டு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். செவ்வாய்க்கிழமை 20 கிராம் கொண்டைக்கடலை அல்லது பயறு, அதில் 4 கிராம். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. வயிறு நிறையும், புரதம் என்று சொல்ல ஏதுமில்லை. முட்டை இல்லாத நாட்களில் சத்துமாவையும் கொஞ்சம் பருப்பையும் நம்பித்தான் சட்டம் சொன்ன கணக்கைத் தொட வேண்டியிருக்கிறது.

சரி, மீதி மூன்று நாளும் முட்டை போடலாமே என்று தோன்றும். முட்டை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பண்ணை விலை இதையும் தாண்டி நிற்கும் மாதங்கள் உண்டு. ஆறு நாளைக்கு 8 ரூபாய் வீதம் 48 ரூபாய். மூன்று முட்டைக்கு 15 ரூபாய் போனால் மீதி 33. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, தாளிப்புச் சாமான், சத்துமாவு எல்லாவற்றுக்குமாக நாளைக்கு ஐந்தரை ரூபாய். ஆறு முட்டை என்றால் 30 ரூபாய் அதற்கே போய்விடும், நாளைக்கு 3 ரூபாய் மிஞ்சும். இன்று மூன்று முட்டை கிடைக்கிறதென்றால் அது மாநில அரசு தன் பங்குக்கு மேலும் போட்டுச் செலவழிப்பதால்தான். அதை நன்றியோடு பதிவு செய்கிறோம். 1982 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலிருந்தே இந்த மாநிலம் இப்படித்தான் செய்துவருகிறது. ஆனால் மேலதிகச் செலவு மாநிலத்தின் தலையில் ஏற ஏற, வேறு எங்கோ கை இறுகும். முதலில் இறுகுவது ஆள் நியமனத்தில்.

ஆள் குறைந்தால் என்ன கெட்டுப்போகும் என்பது கோப்பில் தெரியாது. குழந்தையின் உயரத்தை அளக்கும் இடத்தில் தெரியும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சந்தலை பலகையைத் தொடும்படி, பார்வை நேர் மேலே இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். இன்னொருவர் முழங்கால்களை அமுக்கிப் பிடித்து, பாதம் செங்குத்தாக நிற்கும்படி கீழ்ப்பலகையை நகர்த்திக் கொண்டுவந்து அளவைப் படிக்க வேண்டும். இது இரண்டு பேர் வேலை. உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள மையத்தில் ஒரே பெண்தான் அடுப்பையும் பார்த்து, அழும் குழந்தையையும் பிடித்து, அளவையும் படிக்க வேண்டும். கால் மடங்கியபடி அளந்தால் உயரம் குறையும். படுக்கவைக்க முடியாமல் நிற்கவைத்து அளந்தாலும் 0.7 சென்டிமீட்டர் குறையும். உயரம் குறைத்துப் பதிவானால், அந்த உயரத்துக்கு எடை சரியாக இருப்பதுபோல் காட்டும். கடும் குறைபாட்டில் இருக்கும் குழந்தை பட்டியலிலிருந்து நழுவிவிடும். 12 ரூபாய் அளவில் 800 கலோரி சாப்பிட வேண்டிய குழந்தை 8 ரூபாய் அளவில் 500 கலோரியோடு நின்றுவிடும். இந்த அளவுகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியின் திரையிலோ, நலம் என்று காட்டும் பச்சை நிறம் கூடிக்கொண்டே போகும்.

எடைக்கும் இதே கதிதான். எடை மேடை சமதளத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பேட்டரி தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். பேட்டரிக்கும் பழுது பார்க்கவும் தனியாக ஒரு சிறு தொகை மையத்தின் கையில் இருந்தால் போதும், மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் கருவிகள் உயிர்பெறும். மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா மிகவும் மலிவு. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அபாயம் என்று உடனே சொல்லிவிடும். உயரம், எடை இரண்டிலும் சந்தேகம் வந்தால் நாடாவால் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2025-ல் 7,783 பணியிடங்களை நிரப்ப மாநில அரசு முடிவெடுத்தது நல்ல செய்தி. ஆனால் ஓய்வு பெறுவோர் ஒவ்வொரு மாதமும் இருப்பார்கள். எந்த மையத்தில் யார் எந்தத் தேதியில் ஓய்வு பெறுகிறார் என்பது ஒரு வருடம் முன்பே தெரியும். பட்டியலை முன்கூட்டியே தயார் செய்து, ஓய்வு நாளுக்கு அடுத்த நாளே புதியவர் பொறுப்பேற்கும்படி மாவட்ட அளவில் தொடர் நியமனம் செய்ய வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக நிரப்பினால், இடைப்பட்ட காலத்தில் ஒரே பணியாளர் இரண்டு ஊர் மையங்களை ‘பொறுப்பு’ பார்ப்பார். பொறுப்பு மையத்தில் சாப்பாடு எப்படியோ நடந்துவிடும், பாடமும் அளவெடுப்பும் நடக்காது.

ஊதியத்திலும் ஒன்றிய அரசின் பங்கு உறைந்து நிற்கிறது. 2018 அக்டோபர் 1 முதல் பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. அதிலும் 60 சதவீதம்தான் டெல்லியின் பங்கு, உதவியாளர் ஒருவருக்கு 1,350 ரூபாய். தமிழ்நாடு தனியாகக் காலமுறை ஊதியம் கொடுப்பதால் இங்கே நிலைமை பரவாயில்லை. அந்தக் கூடுதல் சுமை முழுவதும் மாநிலத்துடையது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கான நிதியையும் இரு அரசுகளும் எந்த விகிதத்தில் ஏற்கும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

நகரத்து மையங்களின் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. பெருநகரத்தில் மாதம் 6,000 ரூபாய் என்பது ஒன்றிய அரசின் அளவு. மையத்துக்கு 600 சதுர அடி வேண்டும், குழந்தைகள் உட்காரும் அறை, சமையலறை, சாமான் அறை, சின்னக் கழிப்பறை, குடிநீர் எல்லாம் வேண்டும் என்பதும் அதே அரசின் வழிகாட்டுதல். சென்னையில் 6,000 ரூபாய்க்குப் பத்துக்குப் பத்து அறை ஒன்று கிடைத்தால் பெரிது. அந்த ஒரே அறையில் கேஸ் அடுப்பும் எரிய வேண்டும், இருபது குழந்தைகளும் உட்கார வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று அந்தந்த மண்டல வாடகையை வைத்துக் கணக்கிடுங்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்பு கட்டும்போதே தரைத்தளத்தில் மையத்துக்கு இடம் ஒதுக்கி, குடும்பங்கள் குடியேறும் அன்றே திறங்கள். ஆறு வயதுக்குக் கீழ் 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிக் கேட்கலாம் என்பதே பல தாய்மார்களுக்குத் தெரியாது. மனு எழுதும் படிவத்தை ஒவ்வொரு மையச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.

அடுத்து, பணம் வந்து சேரும் வழி. 2021 மார்ச்சில் வந்த ஒற்றை முகமைக் கணக்கு விதிப்படி (ஒரு திட்டத்தின் பணம் மாநிலத்தில் ஒரே முகமையின் வங்கிக் கணக்குக்கு வரும் முறை), ஒரு தவணையில் 25 சதவீதத்துக்கு மேல் வராது. வந்ததில் 75 சதவீதம் செலவானதைக் காட்டினால்தான் அடுத்த தவணை. பொதுப்பணம் வங்கியில் தூங்கக்கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் செலவுக் கணக்கு மாநிலம் முழுவதற்கும் ஒன்றாகப் பார்க்கப்படுகிறது. சில மாவட்டங்களில் பில் தேங்கினால், ஒழுங்காகக் கணக்குக் கொடுத்த மாவட்டத்தின் காய்கறிக் காசும் சேர்ந்து நிற்கும். நிதியாண்டின் முதல் மாதங்களில் இது அதிகம். கேஸ் சிலிண்டருக்கும் கருவேப்பிலைக்கும் பணியாளர் கைக்காசு போட்டுச் சமாளிக்கிறார். உணவுச் செலவுக்கு மட்டுமாவது இரண்டு மாத முன்பணத்தை மாவட்டக் கணக்கில் எப்போதும் நிலையாக வையுங்கள், கணக்கைப் பின்னால் நேர் செய்துகொள்ளலாம்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப் பதிவும் ஓடிபியும் கட்டாயம். பொய்ப் பெயரைத் தடுக்க என்கிறீர்கள். களத்தில் தடுக்கப்படுவது யார் என்று பாருங்கள். ஆதாரோடு இணைத்த போன் திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரின் சட்டைப் பையில் இருக்கும். மெஷின் ஓடும் சத்தத்தில் அவர் அழைப்பை எடுப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைக்காது. ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முன் எடுத்த படம், முகம் ஒத்துவராது. கைக்குழந்தையோடு வந்த பெண் வெறுங்கையோடு திரும்புவார். உணவு அவருக்குச் சட்டம் தந்த உரிமை. முகப் பதிவு தோற்றால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சத்துமாவைக் கொடுத்துவிட வேண்டும், சரிபார்ப்பை 30 நாளுக்குள் மேற்பார்வையாளர் முடிக்க வேண்டும் என்று தெளிவான ஆணை வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. தணிக்கையில் மாட்டிக்கொள்வது பணியாளர்தான்.

மாநில அரசிடம் தனியாக இரண்டு கோரிக்கைகள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி இன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடக்கிறது. அதே வளாகத்தில் உள்ள அங்கன்வாடிக் குழந்தைகளையும் இதில் சேருங்கள். பொங்கலும் உப்புமாவும் எப்படியும் அங்கே வேகின்றன. நான்கு வயதுக்காரருக்குச் சின்னக் கரண்டி அளவு கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவே. இரண்டாவது, மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள். 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, வளர்ச்சி தடுமாறிய குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றியது. அந்த அனுபவம் இந்த மண்ணில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 57 சதவீதம் குழந்தைகளுக்கு ரத்தசோகை, முந்தைய கணக்கெடுப்பில் இருந்த 51-ஐவிட அதிகம். உயரம் தேங்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அப்போது குழந்தை மையத்துக்கு வருவதில்லை, தாய் வேலைக்குப் போயிருப்பார், பாட்டியோ மூத்த பிள்ளையோ பார்த்துக்கொள்வார். பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகத்துக்கு 60:40 விகிதத்தில் ஒன்றிய நிதி உண்டு. கட்டுமான வேலை, தோட்ட வேலை, பனியன் கம்பெனி அதிகமுள்ள வட்டாரங்களில் முதலில் கேட்டு வாங்குங்கள். மாலை நான்கு மணிக்கு மூடும் காப்பகம் இந்தத் தாய்மாருக்கு உதவாது. ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து நேரத்தை வையுங்கள்.

இந்த மடலுக்குப் பதிலாக எங்களுக்கு வேண்டியது மூன்று தேதிகள்: உணவு அளவு விலைக் குறியீட்டோடு இணைக்கப்படும் தேதி, முகப் பதிவு தோற்றாலும் உணவு கொடுக்கும் ஆணை வெளியாகும் தேதி, காலியாக உள்ள உதவியாளர் பணியிடங்கள் நிரம்பும் தேதி. மாவட்ட வாரியான காலியிடப் பட்டியலைத் துறை இணையதளத்தில் மாதந்தோறும் வெளியிட்டால் மூன்றாவதைப் பற்றி நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கவும் தேவையிருக்காது.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியையும் அதன் கணக்குகளையும் அருகிருந்து அறிந்த சிலர்